செடூனாவைத் தாண்டும் வண்டி

ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்த அந்த மனிதர், கடையிலேயே குள்ளமான பைக்கில் ஏறி முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். "இது சரியா இருக்கும்" என்றார்.

நோலீன் தின்றுகொண்டிருந்த இறைச்சிப் பலகாரத்தைக் கீழே வைத்தாள். வையாலா ஊரில் முப்பது வருடமாகப் பழைய பைக் விற்கிறாள். இப்படியொரு கண்ணராவியைப் பார்த்ததில்லை.

"தம்பி, முட்டி ரெண்டும் காதைத் தொடுது. பத்து மைல் போனீங்கன்னா இடுப்பு கழண்டுரும். உங்க உயரத்துக்கு வேற காட்டுறேன், இறங்குங்க."

"எனக்கில்ல. ஓட்டப் போறது என் சம்சாரம். அஞ்சடிதான் இருப்பா."

இரும்பாலை வேலைச் சட்டை போட்டிருந்தார். பாக்கெட்டின் மேல் 'லயல்' என்று பெயர் தைத்திருந்தது. முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை; கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது.

"எவ்வளவு தூரம் ஓட்டுவாங்க?"

"பன்பெரி வரைக்கும். அங்க அவ அக்கா வீடு. சனிக்கிழமை கிளம்பணும்."

நோலீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லர்பார் பொட்டலைக் குறுக்கே கடந்து இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். இன்று புதன்கிழமை.

பிள்ளைகள் தலையெடுத்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் நாட்டை ஒரு சுற்று சுற்றி வருவது அந்தப் பக்கத்து வழக்கம். நோலீனின் புருஷனும் 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிவிட்டு, ஒரு வருடமும் கிளம்பாமலே செத்துப்போனான். அவளுக்கு உள்ளபடியே பொறாமையாக இருந்தது.

"கொடுத்துவெச்ச மகராசி உங்க சம்சாரம். அவங்களுக்குத் தெரியுமா, வண்டி வாங்குறது?"

"தெரியாது. செயின் புதுசா?"

"போன மாசம் மாத்தினது."

"பேட்டரி?"

"அதுவும் புதுசு."

"டேங்க் நிரப்பினா எத்தனை கிலோமீட்டர் வரும்? அங்க ஒரு பெட்ரோல் பங்க்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருநூறு கிலோமீட்டர் இருக்கு."

"முந்நூற்றம்பது தாராளமா வரும். எதிர்காத்து அடிச்சாலும் முந்நூறுக்குக் குறையாது."

அவர் மளிகைச் சீட்டு வாசிப்பவர் போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். பைக்கில் உட்காரும் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "அவளுக்கு இடுப்பு வலி உண்டு. இது கல்லு மாதிரி இருக்கே" என்றார்.

"மேல ஆட்டுத்தோல் ஒண்ணு போட்டுத் தரேன். சொகுசா இருக்கும். ஆமா, வீட்டுல வேற வண்டியே இல்லையா?"

"பின்னால சாமான் ஏத்துற பழைய யூட் வண்டி ஒண்ணு கிடக்கு. அதுலதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. கியர்பாக்ஸ் போயிருச்சு. பொட்டல் தொடங்குற செடூனா ஊரைக்கூடத் தாண்டாது. அதைச் சரிபண்ற காசுக்கு இன்னொரு யூட் வாங்கலாம். ஆனா பைக் நல்லா ஓட்டுவா. கல்யாணத்துக்கு முன்னாடியே ஓட்டினவ."

நோலீன் விலையைச் சொன்னாள். ஐயாயிரத்து எண்ணூறு டாலர். அவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துவைத்தது மூவாயிரத்து ஐந்நூறு.

"அவ்வளவு குறைக்கிறதுக்கு வழியில்ல தம்பி. நானும் சோறு திங்கணும்."

லயல் வாசல் பக்கம் மோவாயால் காட்டினார். அவர் வந்திருந்த பெரிய பைக் வெயிலில் பளபளவென்று நின்றது. இருபது வருடத்து வண்டி. ஆனால் ஒரு கீறல் கிடையாது. "மிச்சத்துக்கு அதை எடுத்துக்குங்க" என்றார்.

நோலீன் வெளியே போய் அதைச் சுற்றி வந்தாள். அவளுக்கே மனசு கேட்கவில்லை. "இதுக்கு நான் தரப்போற காசு அநியாயம். விளம்பரம் போட்டு ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா ரெண்டு மடங்கு கிடைக்கும்."

"ஒரு மாசமெல்லாம் இல்ல. சனிக்கிழமை."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெண்டாட்டி ஓட்ட, இந்த நெட்டை மனிதர் பின்னால் தொற்றிக்கொண்டு போகப்போகிறார். நினைத்துப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எங்க ஆளு செத்தாலும் பொம்பளைக்குப் பின்னால உக்காந்திருக்க மாட்டான். நீங்க பரவால்ல தம்பி."

அவர் தன் பைக் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். நோலீனுக்கு இந்த ஜோடிக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. உள்ளே போய் அகலமான பின்சீட் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துவந்தாள்.

"இதையும் மாட்டித் தரேன், காசு வேண்டாம். உங்க உடம்புக்கு அந்தச் சின்ன சீட் காணாது."

"சீட் வேண்டாம். அந்த இடத்துல கேரியர் போட்டுருங்க. அவ பையைக் கட்டணும்."

"பையை அங்க கட்டிட்டா நீங்க எங்க உக்காருவீங்க?"

லயல் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். திருப்தியில்லாமல் இன்னொரு தரம் அழுத்தினார். அப்புறம் அதே குரலில் சொன்னார்:

"ஒரேயடியா என்னை விட்டுட்டுப் போறா அவ... வழியில எங்கயும் நின்னுரக் கூடாது."