சிவப்புப் படை

ஞாயிறு மதியம் பெனிட்டா வீட்டுக்குப் போன ஃபெரோஸ், மேசைமேல் நண்பர்கள் சேர்ந்து ஆடும் பலகைப் போர் விளையாட்டின் நான்காம் பதிப்பைப் பார்த்துத் திகைத்தான். ஒன்பது வருடமாக அவனும் பெனிட்டாவும் மதிவாணனும் சுகுமாரனும் ஆடிவந்தது மூன்றாம் பதிப்பு. வராதவனின் படையைப் பகடை உருட்டி மற்றவர்கள் நகர்த்தலாம் என்று அதில் ஒரு விதி உண்டு. சுகுமாரன் விபத்தில் இறந்த பிறகும் அவனுடைய சிவப்புப் படை அப்படித்தான் நகர்ந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பில் ஆளில்லாத படையை எடுத்துவிட வேண்டும்.

“அவன் ஜெயிச்சுக்கிட்டே இருக்கான்னுதான் மாத்துனீங்களா?” என்று கேட்டான் ஃபெரோஸ்.

எதிரே இருந்த மதிவாணன் தலை குனிந்துகொண்டான். பெனிட்டாதான் பேசினாள்.

“போன வாரம் அவன் முறை வந்தப்ப, ‘காபி போடவா’ன்னு அவனோட காலி நாற்காலியப் பாத்துக் கேட்டுட்டேன். உனக்குக் கேக்கலையா?”

கேட்டிருந்தது. தன்னிடம் கேட்கிறாள் என்று நினைத்து ஃபெரோஸ்தான் சரி என்றிருந்தான்.

கோபப்படலாமா கூடாதா என்று ஃபெரோஸுக்குப் புரியவில்லை.

“போன வார ஆட்டம் அவன் முறையிலயே பாதியில நிக்குது. அதையாவது முடிச்சிரலாம்” என்றான்.

பெனிட்டா பகடையை எடுத்தாள். உருட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை. கைக்குள் மூடிக்கொண்டு ஃபெரோஸையே பார்த்தாள்.