ரோஸ் தாள்

மூன்று தாள்கள்தான் கொடுத்தார்கள்.

வெள்ளை. பச்சை. மஞ்சள்.

அவள் மேசையை விட்டு நகரவில்லை. விரலில் வைத்த மை இன்னும் காயவில்லை.

ரோஸ் தாள் எங்கே என்று கேட்டாள்.

தேர்தல் வேலைக்கு வந்திருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ரோஸ் தாள் ஊராட்சித் தலைவருக்கு. இங்கே அதற்கு ஒருவர்தான் நிற்கிறார். போட்டி இல்லை, அதனால் தாளும் இல்லை. காலையிலிருந்து வேறு யாரும் இதைக் கேட்கவில்லை என்றும் சொன்னாள்.

யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு தாளுக்காக ஐந்து வருடம் காத்திருந்தாள்.

குழாய் பதித்துக்கொண்டே வந்தவர்கள் அவள் தெருவுக்கு முந்தைய தெருவோடு நிறுத்திவிட்டார்கள். அவள் காலிக் குடத்தோடு போய்க் கேட்டாள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள் என்றார் தலைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. நியாயமான பதில் என்று நினைத்தாள்.

நேற்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பாதி தூரம் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே இந்தப் பள்ளிக்கூடம்.

சுவரோரப் பெஞ்சில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். வார்டு உறுப்பினருக்கு நிற்கிறான். சட்டையில் வேட்பாளர் அட்டை. பக்கத்தில் அவனுடைய ஏஜென்ட்.

ஏஜென்ட், தலைவரின் மைத்துனன்.

ஞாயிறுதோறும் கணவன் போனில் பேசினான். தன் சின்னம் வைரம் என்று நான்கு தடவை சொன்னான். இதைச் சொல்லவில்லை.

எழுந்து வந்தான். மறுபடியும் அவரே தலைவர் என்று கோயிலில் ஊர் கூடிப் பேசி முடித்ததுதான் என்றான். எதிர்த்து மனு போட்டவரையும் வாபஸ் வாங்க வைத்தாயிற்றாம்.

என்னை யார் கேட்டது என்றாள்.

"நம்ம வீட்டுக்கும் சேத்து நான்தான் கை தூக்கிட்டேன்ல. போட்டுட்டு வா, பின்னாடி ஆள் நிக்குது."

டீச்சர் அவனைப் போய் உட்காரச் சொன்னாள்.

அட்டைத் தடுப்புக்குள் வெளிச்சம் குறைவாக இருந்தது. உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் ஒரு முழ அகலம்.

பச்சையிலும் மஞ்சளிலும் ஏதோ ஒரு சின்னத்தில் குத்தினாள்.

பிறகு வெள்ளை.

இரண்டே பெயர்கள். மேலே சுடலைமணி, வைரம். பதினாறு வருடம் அவள் வாயால் சொல்லாத பெயர். கீழே பேச்சித்தாய், சீப்பு. அந்தப் பெண்ணோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வடக்குத் தெரு என்று மட்டும் தெரியும்.

இந்த வார்டில் மொத்தமே இருநூற்றுச் சொச்சம் ஓட்டு.

முத்திரையை மையில் அழுத்தினாள். தாளில் அதைவிட அழுத்தமாக.

மடித்தால் ஈர மை மேலே இருக்கும் பெயரிலும் ஒட்டிக்கொள்ளும்.

வெளியே யாரோ சீக்கிரம் என்றார்கள்.

காயும்வரை ஊதினாள்.