விசேசம் ஒன்றுமில்லை

குளியலறைக் குப்பை வாளியை மாமியார் ஈர்க்குக் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றார்.

கதவடியில் மருமகள் ஜெசிதாவைக் கண்டதும் குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"பல்லி ஒண்டு விழுந்தமாதிரிக் கிடந்தது பிள்ளை."

பல்லியாம்! லூர்த்தம்மா மாமி வாளிக்குள் எதைத் தேடுகிறார் என்று ஜெசிதாவுக்குத் தெரியாதா? மாதாமாதம் கடதாசியில் சுற்றிப் போடும் பொட்டலம் மூன்று மாதமாக வாளிக்கு வரவில்லை. கலியாணம் முடிந்து நாலு வருடம். மாமி என்ன நினைத்திருப்பார் என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உண்மை வேறு.

ஜெசிதாவுக்கு நண்டுக் கொம்பனியில் வேலை. ஈரத் தரையில் எட்டு மணித்தியாலம் நின்று நண்டுச் சதை பிரிக்க வேண்டும். பேட் வைத்தால் மத்தியானத்துக்குள் தொடை உரஞ்சிப் புண்ணாகிவிடும். கனடா மச்சாள் வந்தபோது விட்டுப்போன, பேட்டுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் டாம்பன் பெட்டி கொஞ்சக் காலம் கைகொடுத்தது. அது முடிந்ததும் நாலைந்து பார்மசி ஏறி இறங்கினாள். ஒரு கடைக்காரர் அதென்ன பூச்சி மருந்தா என்று கேட்டார்.

கூட வேலை செய்யும் மேர்சிதான் மாதவிடாய்க்கான சிலிக்கன் கப் ஒன்று எடுப்பித்துக் கொடுத்தாள்.

"முதல்ல கொதிதண்ணியில அவிச்செடு. மடிச்சு உள்ளுக்கு விட்டால் தானா விரியும். காலமை வைச்சால் பின்னேரம் வரைக்கும் பயமில்லை."

சொல்வது லேசு. முதல் மாதம், மடித்த கப் கைநழுவித் துள்ளி, தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. இரண்டாம் மாதம் ஒழுங்காக உள்ளே போனது. வெளியே வரத்தான் மாட்டேன் என்றது. ஜெசிதா குளியலறைக்குள் இருந்தபடியே மேர்சிக்குப் போன் எடுத்து அழுதாள்.

"இழுக்காதையடி விசரி! மூச்சை விட்டு, அடியில நசுக்கு. காத்துப் போனால் தானா வரும்."

வந்தது.

இந்த மாதம் நண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது, இன்றைக்கு அந்த நாள் என்பதே அவளுக்கு மறந்துபோனது. வீட்டுக்கு வரும் வழியில் அந்தோனியார் கோயிலில் மேர்சியின் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால், மாமி வாளியடியில் நிற்கிறார்.

அன்று பின்னேரமே உழுத்தங்களி வந்தது. அடுத்த நாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். "பாரம் தூக்காதை பிள்ளை" என்று தண்ணீர்க் குடத்தையும் மாமி பறித்துக்கொண்டார்.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அற்புதராணி எட்டிப் பார்த்தார்.

"என்ன லூர்த்தம்மா, களி மணக்குது? மருமோள் விசேசமோ?"

"உமக்கேன் அடுத்த வீட்டு விடுப்பு? போய் உம்மடை அடுப்பைப் பாரும்!"

மாமி இல்லையென்று சொல்லவில்லை! ஜெசிதா களிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இவ்வளவு ஆசையோடு கிண்டித் தருகிற மனுசியிடம் எப்படிச் சொல்வது?

கணவன் கொலின்சிடம் போனாள்.

"நீயே சொல்லு. அம்மான்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல என்னால ஏலாது" என்று அவன் வலையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெசிதா குசினிக்குள் போய் நின்றாள்.

"மாமி... நான் விசேசமாய் இல்லை."

மாமி களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"தெரியுமோ?"

"விசேசமாய் இருக்கிறவளுக்கு ஆரும் நல்லெண்ணெய் பருக்குவினமோ? உது அந்த நாளுக்குக் குடுக்கிறது. போன மாசம் பால்மாப் பேணிக்குள்ள உன்ரை அந்த ரப்பர்க் கிண்ணம் அவிஞ்சுகொண்டு கிடந்ததைக் கண்டனான். றோட்டில மேர்சியை மறிச்சுக் கேட்டன். எல்லாம் சொன்னவள்."

"அப்ப அற்புதராணி அக்காட்டை இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே மாமி?"

"நாலு வருசமாய் உன்னைக் காணேக்கை எல்லாம் அதையேதானே கேட்டு அறுக்கிறாள். கொஞ்ச நாளைக்கெண்டாலும் வாயை மூடிக்கொண்டு கிடக்கட்டும் எண்டு விட்டனான்."

ஜெசிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுசியையா மூன்று நாளாக மனதுக்குள் திட்டித் தீர்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. சொந்தத் தாய்கூட இப்படிப் பார்த்திருப்பாளா? அகப்பையோடு சேர்த்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு பின்னை ஏன் மாமி வாளியைக் கிளறினனீங்கள்?"

மாமி வாசலை எட்டிப் பார்த்தார். ஆண்கள் யாரும் இல்லை. குரல் இறங்கியது.

"அது ஒழுகாமல் நிக்குதோ, இல்லாட்டி நீ பழையபடி பேட்டுக்கு மாறியிட்டியோ எண்டு பாத்தனான்."

"அதை ஏன் நீங்கள் பாக்கிறியள்?"

"கொலின்சைப் பத்தொன்பது வயசில பெத்தனான் பிள்ளை. எனக்கு இப்ப நாப்பத்தாறுதான். மாசம் மாசம் வாறது இன்னும் நிக்கேல்லை. விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும் மீன்சந்தையில குந்தியிருந்திட்டு, எழும்பேக்கை சீலையைத் தடவித் தடவிப் பாக்கிற பாடு எனக்கெல்லோ தெரியும்... எனக்கும் ஒண்டு எடுப்பிச்சு, மடிக்கிறதை ஒருக்கால் காட்டித் தாறியோ?"