தொற்றாத வருத்தம்

எட்டு மாதம் காசநோய்க் குளிசை குடித்தும் இருமல் நிற்காததால், உடப்புக் கிராமத்திலிருந்து வரும் தவமலரின் சளியை டொக்டர் நிஸ்ரின் மறுபடி சோதனைக்கு அனுப்பியிருந்தார்.

“மாஸ்க்கைக் கழட்டுங்க அக்கா. இது காசநோய் இல்ல. தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கிற வேற கிருமி. குளிசை மாத்தித் தாறன், ஒரு வருசத்துக்கு மேல குடிக்கணும். ஆனா ஒருத்தருக்கும் தொத்தாது. இனித் தனிக் கோப்பை, தனி ரூம் ஒண்டும் தேவையில்ல.”

தவமலர் கழற்றினாள்.

“வெளியில நிக்கிற உங்கட அவருக்கும் நானே சொல்றன்.”

“வேணாம் டொக்டர். தொத்தும் எண்டே அவர் நினைக்கட்டும்.”

“ஏன்?”

சேலையை விலக்கித் தோளைக் காட்டினாள். தழும்புகள் எல்லாம் ஆறிப்போன பழையவை.

“தொத்திடும் எண்ட பயத்துலதான் எட்டு மாசமா அடிக்க வரல்ல.”

மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.