துருவிப் போட்ட சீஸ்

"இறங்கி ஏறும்மா, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார் மாஸ்டர்.

அவள் இறங்கினாள். காதுத் தோட்டையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். எடைக் கருவிக்கு ஏது ஈவு இரக்கம்? ஐம்பது கிலோவுக்கு மேல் முந்நூறு கிராம் என்று பழைய பாட்டையே பாடியது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "நேரம் முடிஞ்சுதும்மா. இந்தப் பிரிவுல நீ இறங்க முடியாது."

தேசியக் குத்துச்சண்டை அணிக்கான தேர்வு அது. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மாதக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, இன்று விடிந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவள் அவள்.

மாஸ்டர் அவள் தோளில் துண்டைப் போர்த்தினார். நேற்று என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்று தினமும் வக்கீல் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்கிற மனுஷன், இன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவளை அழவைத்தது.

"விடும்மா. உடம்புன்னா அப்படித்தான். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு."

அவள் இடத்துக்கு மாற்று ஆளாக, முன்பே எடை பார்த்துத் தயாராக இருந்தது மாஸ்டரின் மகள். அந்த எடையில் பயிற்சிக் கூடத்தில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். "ஸாரிக்கா" என்று கையைப் பிடித்த சின்னவளை, "நல்லாப் பண்ணுடி" என்று தட்டிக்கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முட்டைகோஸுக்குப் பின்னால் சீஸ் கட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்று பாதி தேய்ந்திருந்தது. வீட்டில் இருப்பதோ அம்மாவும் அவளும்தான். அம்மாவுக்கு சீஸ் வாசனையே ஆகாது.

"அம்மா, இது யாருக்கு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உனக்குத்தான்டி. சூப்புலயும் ஆம்லெட்லயும் துருவிப் போட்டேன்."

ஆம்லெட் பிரமாதம் என்று நேற்றுகூட அம்மாவின் கன்னத்தைக் கிள்ளியது அவளுக்கு ஞாபகம் வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். பெற்றவளே ஏமாற்றியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சீஸ் என்ன விஷமாடி?" என்றாள் அம்மா. "புரதம் இருக்கு, கால்சியம் இருக்கு, பாஸ்பரஸ் இருக்கு. சமச்சீரான சாப்பாட்டுல கொஞ்சம் சீஸும் இருந்தா எலும்பு உறுதியாகும். போன வருஷம் மணிக்கட்டு உடைஞ்சு நீ கத்தினது இன்னும் என் காதுல இருக்கு."

"கொஞ்சம் சாப்பிட்டா நல்லதுதான். நீ கொஞ்சமாவா போட்ட? அதுல கொழுப்பு இருக்கு, உப்பு இருக்கு. உப்பு உள்ள போனா உடம்பு தண்ணியை விடாமப் பிடிச்சு வச்சுக்கும்மா. எடை பாக்கற வாரத்துல அதைப் போய் போட்டிருக்கியே."

"இந்த வாரம்தான் ஒரு கை கூடவே போட்டேன்" என்றாள் அம்மா ஈனஸ்வரத்தில். "தெம்பு வேணுமேன்னு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைச் சேக்கலைம்மா. முந்நூறு கிராம் கூட. தட்டுல நீ வச்சதை ஒரு கேள்வி கேக்காமச் சாப்பிட்டேன். உன்னை நம்பினதுக்கு இதுதானா?"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைத் தொட்டாள். அவள் கையை உதறினாள்.

"பாஸ்பரஸ்னா என்னன்னாவது உனக்குத் தெரியுமா? எந்த டாக்டர் உனக்கு இதெல்லாம் ஓதினாரு?"

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"டாக்டரா? உங்க மாஸ்டர்தானேடி வாங்கிக் குடுத்து, உன்கிட்ட மூச்சு விடாதீங்கன்னார்."