தாழ்ப்பாளில் ஒரு கை

அந்தப் பழைய படத்தை ஊரே மனப்பாடமாக அறிந்திருந்தது. நாயகன் கதவைத் திறப்பான். வெளியே காத்திருப்பவர்கள் அவனைக் கொன்றுவிடுவார்கள். அந்தச் சாவுக்கு அழுவதற்காகவே ஆண்டுதோறும் அரங்கு நிறைந்தது. அவன் கை தாழ்ப்பாளைத் தொட்டதும், திலோத்தமை தன் கணவனின் கையை இறுகப் பற்றினாள்.

“பாத்த படந்தானே, எதுக்கு இப்படி நடுங்குற?” என்றான் ஏகாம்பரம்.

“ஒரு தடவையாச்சும் திறக்காம இருக்கமாட்டானாங்க?”

“திறக்கலைன்னா அப்புறம் இந்தப் படத்தை எவன் பாப்பான்?”

திரையில் அந்தக் கை அசையாமல் நின்றது. இதற்குமுன் அது அங்கே நின்றதே இல்லை. நாயகன் மெல்லத் திரும்பி, இருக்கைகளை நோக்கியபடி காத்திருந்தான்.

“திறந்துடுப்பா” என்று முதலில் கெஞ்சிய குரல் ஏகாம்பரத்தினுடையது. திலோத்தமை தன் கையை விடுவித்துக்கொண்டாள்.