ஓர் எழுத்து

கோவில்பதாகை ஃபிளாட்டில் மத்தியான வெயில் மேசைவரை ஏறிவிட்டது. கணினியில், எழுத்து மட்டுமே காட்டும் எடிட்டரில் படமும் தெரிய கிஷோர் ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டுகிறான். சோதித்துப் பார்க்க, ஃபோல்டரில் முதலில் கிடந்த படத்தைக் கொடுக்கிறான். வரிகளுக்கு நடுவே மதிவதனி சிரிக்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போன மனைவி. பதறிப்போய் பேக்ஸ்பேஸைத் தட்டுகிறான். எடிட்டருக்கு முழுப் படமும் ஓர் எழுத்துதான். ஒரே தட்டில் காணாமல் போகிறாள். மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. வாசலில் தண்ணீர் கேன் போடும் வேம்புலி குரல் கொடுக்கிறார். “இன்னா நைனா, போன வாரம் போட்ட கேனு அப்டியே கீது? தங்கச்சி ஊட்ல இல்லியா?” கிஷோரின் விரல்கள், அழித்ததை மீட்டுத் தரும் கன்ட்ரோல் இசட்டை அழுத்துகின்றன. அதே சிரிப்பு, அதே வரியில். “இருக்காண்ணே.”